இரண்டு கோடு தெரிந்தால் போதுமா?

கல்யாணமாகி நாலு மாதம் தாண்டினால் போதும், "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கேட்டவர்கள் போய்விடுவார்கள். அதைச் சுமப்பவள் மருமகள். அந்தச் சுமையோடு மருந்துக்கடைக்குப் போகிற பெண்களுக்கு இப்போது இன்னொரு கார்டும் கிடைக்கிறது. கர்ப்பம் பார்க்கிற கார்டு இல்லை, கருமுட்டை வெளிவரப்போகும் நாளை முன்கூட்டிச் சொல்லும் கார்டு. நல்ல பொருள்தான். சரியாகப் பயன்படுத்தினால் உதவும். ஆனால் அதைப் பற்றிய தவறான எண்ணங்களால் மாதங்கள் வீணாவதைப் பொறுத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நம்பிக்கை: இரண்டு கோடு விழுந்தால் முட்டை வந்துவிட்டது.

கர்ப்பம் பார்க்கும் கார்டில் பழகிய கண் செய்யும் தவறு இது. அந்தக் கார்டில் இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் 'ஆம்' என்றுதான் பொருள். முட்டை பார்க்கும் கார்டில் அப்படியில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எல்.எச். என்ற ஹார்மோனைத்தான் அது அளக்கிறது. மாதம் முழுவதும் கொஞ்சம் எல்.எச். உடம்பில் இருப்பதால் மங்கலான கோடு எந்த நாளிலும் விழலாம். 'சி' என்ற எழுத்துக்கு நேரே விழும் கோட்டின் அளவுக்கோ அதைவிட அழுத்தமாகவோ 'டி' கோடு இருந்தால்தான் எல்.எச். திடீரென்று ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஏறிய பிறகும் முட்டை வெளிவர ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரம் ஆகும். ஆக, கார்டு சொல்வது 'வந்துவிட்டது' என்பதை அல்ல, 'வரப்போகிறது' என்பதை. உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குள் பார்த்துவிடுங்கள். நேரம் கடந்தபின் அழுத்தமாகும் கோடு கணக்கில் சேராது.

நம்பிக்கை: எல்லாருக்கும் 14-ஆம் நாள்தான்.

முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு என்பதை ஜப்பானிய மருத்துவர் ஓகினோ 1924-லேயே எழுதினார். பின்னாலிருந்து எண்ண வேண்டும் என்பதே அதன் சாரம். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 14-ஆம் நாள் சரியாக வரும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21-ஆம் நாளை ஒட்டி வரும். அவர் 14-ஆம் நாளையே பிடித்துக்கொண்டிருந்தால் வருஷம் முழுக்கத் தவறவிடுவார். வழக்கமான சுழற்சி நாட்களில் 17-ஐக் கழியுங்கள், வரும் நாளில் பரிசோதனையைத் தொடங்குங்கள். 28 என்றால் 11-ஆம் நாள், 35 என்றால் 18-ஆம் நாள்.

இங்கே இன்னொரு பிசகும் நடக்கிறது. நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணும் பழக்கம் உண்டு. மருத்துவக் கணக்கில் உதிரம் கண்ட முதல் நாளே ஒன்றாம் நாள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்குக் குளித்து, அதை ஒன்று என்று எண்ணினால், கார்டு தொடங்குவதற்குள் வேண்டிய நாள் கடந்துபோயிருக்கலாம்.

விடியற்கால முதல் சிறுநீர்தான் வேண்டும் என்பதும் கர்ப்பக் கார்டிலிருந்து வந்த எண்ணம்தான். எல்.எச். பலருக்கும் அதிகாலையில் ஏறத் தொடங்கி, சில மணி நேரம் கழித்தே சிறுநீரில் தெரியும். அதனால் பல கார்டுகளுக்குக் காலை 10 மணிக்கு மேல் இரவு 8 மணிக்குள், தினமும் ஒரே நேரம் பார்ப்பது நல்லது. களையெடுப்புக்கோ கரும்பு வேலைக்கோ போகிறவர்கள் வீடு திரும்பி மாலையில் பார்க்கலாம். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைக் குறைத்தால் போதும். கார்டுக்காக வெயிலில் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

நம்பிக்கை: கார்டு காட்டும் வரை காத்திருந்து, அன்று சேர்ந்தால் போதும்.

வெளிவந்த முட்டை உயிரோடு இருப்பது ஒரு நாளுக்குள்தான். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை தாங்கும். எனவே முட்டைக்காக விந்தணு முன்பே போய்க் காத்திருப்பதே இயற்கையின் ஏற்பாடு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைப் பின்தொடர்ந்து வில்காக்ஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதை நாள்வாரியாகக் காட்டியது. கரு தங்கிய சேர்க்கைகள் எல்லாமே முட்டை வெளிவந்த நாளோடு முடியும் ஆறு நாட்களுக்குள் நடந்தவை. அடுத்த நாள் சேர்ந்ததால் கரு தங்கியதாக அந்த ஆய்வில் ஒன்றுகூட இல்லை. கார்டு காட்டும் வரை விந்தைச் 'சேமித்து' வைப்பதில் ஆதாயம் எதுவும் இல்லை. வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாகும் நாள் தொட்டு ஒன்றுவிட்டு ஒரு நாள் சேருங்கள். கார்டு அழுத்தமாகக் காட்டிய அன்றும் மறுநாளும் விடாதீர்கள்.

கணவர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்து வார இறுதியில் மட்டும் வருகிற வீடுகளுக்குக் கார்டு உண்மையிலேயே உதவும். இரண்டு மூன்று மாதம் பார்த்தால் எந்த வாரம் முக்கியம் என்பது பிடிபடும், அந்த வாரத்துக்கு விடுப்புச் சொல்லலாம். ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போன மாதத்தையும் சேர்த்து எண்ணி "இன்னும் ஒன்றும் இல்லையே" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சேர்ந்திராத மாதத்துக்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்?

நம்பிக்கை: இரட்டைப்படை நாளில் சேர்ந்தால் ஆண் குழந்தை.

இல்லை. சேர்ந்த நாளுக்கும் குழந்தையின் பாலினத்துக்கும் தொடர்பு எதையும் அதே 1995 ஆய்வு காணவில்லை. கருவுறும் முன்போ பின்போ பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதை நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

நம்பிக்கை: தினமும் அழுத்தமாகக் கோடு விழுகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது.

சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கும். முட்டை முதிராமலே கோடு மட்டும் அழுத்தமாக விழும். முட்டை வெடிக்கப் போடும் எச்.சி.ஜி. ஊசிக்குப் பிறகும் கார்டை நம்ப முடியாது. அந்த மருந்தையே அது எல்.எச். என்று எடுத்துக்கொள்ளும். கர்ப்பம் தங்கியிருந்தாலும் இதே ஏமாற்றம் நேரலாம். எல்.எச். ஏறியும் சில மாதம் முட்டை வெளிவராமல் போவதுண்டு. முட்டை வந்ததா என்பதை உறுதியாகச் சொல்வது தொடர் ஸ்கேனும், அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு எடுக்கும் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையும்தான்.

நம்பிக்கை: கார்டு சரியாகக் காட்டியும் தங்கவில்லை, குறை அவளிடம்தான்.

என்னை மிகவும் வருத்துவது இதுதான். 40 வயதுக்கு உட்பட்ட, ஓராண்டுக்கும் குறைவாக முயன்றுவரும் பெண்களைப் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2023-ல் தொகுத்துப் பார்த்தது. கார்டு இல்லாமல் 18 சதவீதமாக இருக்கும் கர்ப்ப வாய்ப்பு கார்டோடு 20 முதல் 28 சதவீதம் ஆகலாம் என்றது அந்தத் தொகுப்பு. உதவி உண்டு, உத்தரவாதம் இல்லை. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று கார்டுக்குத் தெரியாது. நம் நாட்டில் அப்படி அடைப்பதற்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். கணவரின் விந்தணு எத்தனை, நீந்துகிறதா என்பதும் அதற்குத் தெரியாது. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. இருந்தும் மாதாமாதம் பரிசோதிக்கப்படுபவள் மனைவி மட்டும்தான்.

சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் எங்கள் திருவெண்ணெய்நல்லூர். அவர் பிறந்த வரலாறே பிள்ளைக்கு ஏங்கிய ஒரு தம்பதியின் வரலாறு. அவருடைய தந்தை பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மனைவியை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்காரவில்லை. இருவருமாகத் திருவெண்காடு போய் முக்குளத்தில் மூழ்கி வழிபட்டார்கள் என்கிறது மரபு. வேண்டுதலுக்குச் சேர்ந்து போகிற நாம் பரிசோதனைக்கு மட்டும் ஏன் பெண்ணைத் தனியே அனுப்புகிறோம்? விந்துப் பரிசோதனையில் வலி இல்லை, அறுவை இல்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் சேராமல் இருந்து மாதிரி கொடுத்தால் போதும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்ற பிறகும், அதற்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகும் தாமதிக்காதீர்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களும் முன்பு காசநோய் வந்தவர்களும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். கார்டு பார்த்த தேதிகளைக் குறித்த தாளைக் கையில் கொண்டுபோங்கள். கணவருக்கான பரிசோதனையை முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.