பெட்டியைப் பிரிக்கும் முறை: கைப்பேசி வாங்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாவும் ஊடையும் பெற்றுச் சென்ற அங்கத்தினர், நெய்த சேலையைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போது நடப்பது நாம் அனைவரும் அறிந்ததே. நீளமும் அகலமும் அளக்கப்படுகின்றன, எடை பார்க்கப்படுகிறது, அங்குலத்துக்கு இத்தனை ஊடை என்று எண்ணப்படுகிறது. அதன் பின்னரே கூலி பதியப்படுகிறது. சேலையின் பளபளப்பைக் கண்டு எவரும் அளவுகோலைக் கீழே வைத்துவிடுவதில்லை. காய்கறி பயிரிடுவோர் அனுபவமும் இதுவே. கூடையின் மேலடுக்கை மட்டும் பார்த்து விலை கொடுக்கும் வியாபாரியை அவர்கள் கண்டதில்லை.

பிறர் நம் சரக்கைப் பார்க்கும் இக்கண்ணோடு நாம் பிறர் சரக்கைப் பார்க்கிறோமா? அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் இன்று கைப்பேசி இல்லாத குடும்பம் அரிது. கூலி வரவு வைக்கப்பட்ட செய்தி அதில்தான் வருகிறது. வங்கியின் இரகசிய எண்ணும் அதில்தான் வருகிறது. பழுதான கைப்பேசி வாய்த்தால் கொடுத்த பணத்தோடு நஷ்டம் நின்றுவிடுவதில்லை. ஆகையால் புதுப் பெட்டியைப் பிரிக்கும் அந்த அரை மணி நேரத்தை ஒரு தணிக்கையாகவே கருதவேண்டும்.

அழகிய பெட்டியின் நோக்கம்

விலையுயர்ந்த கைப்பேசியின் பெட்டி தற்செயலாக அமைவதன்று. மூடியைத் தூக்கினால் அடிப்பாகம் மெல்ல நழுவி இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி விட்டு, காற்று சிறிது சிறிதாகப் புகும்படி செய்திருப்பதே காரணம். அந்தச் சில விநாடிகளில் ஆவல் வளர்கிறது. கைக்கு வந்த பொருளை மனிதர் உள்ளபடியைவிட உயர்வாகவே மதிப்பர். கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று அறிஞர்கள் 1990இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு சாதாரணக் குவளையைப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. ஆகவே, பிரித்தவுடன் எழும் மகிழ்ச்சி நல்ல சாட்சியாகாது. நூறு மதிப்பெண் கொடுப்பதானால் பெட்டியின் அழகுக்குப் பத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்பது நம் கருத்து. எஞ்சிய தொண்ணூறும் கீழ்க்கண்ட மூன்றுக்கும் உரியவை.

பிரிப்பதற்கு முன்

முதலாவது, பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்தல். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும், தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையும், புகார் செய்வதற்கான தொடர்பு விவரமும் அறிவிக்கப்படவேண்டும். இவற்றின்மேல் வேறு சீட்டு ஒட்டப்பட்டிருந்தாலும், முத்திரைத் தாள் கிழிந்திருந்தாலும் அவ்விடத்திலேயே கேள்வி கேட்கவேண்டும்.

இரண்டாவதாக, 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் காணவேண்டும். இரண்டு சிம் போடும் கைப்பேசிக்கு இவ்வெண் இரண்டு உண்டு. 'கே.ஒய்.எம்.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களைப் புள்ளியின்றி எழுதி, இடம் விட்டு இவ்வெண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் கைப்பேசியின் விவரம் கிடைக்கும். தடை செய்யப்பட்டது என்றோ, ஏற்கனவே உபயோகத்தில் உள்ளது என்றோ பதில் வந்தால் அதை வாங்கலாகாது.

மூன்றாவதாக, உள்ளே என்னென்ன உள்ளன என்ற பட்டியலைப் படிக்கவேண்டும். சார்ஜர் உண்டென்று நாமே எண்ணிக்கொள்வது தவறு. ஆப்பிள் நிறுவனம் 2020 அக்டோபர் முதல் தன் கைப்பேசிப் பெட்டிகளில் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது. வேறு சில நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இதில் நம் வட்டாரத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிள் கைப்பேசிகள் பொருத்தப்படுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையின் இடத்தையோ, பின்னர் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே சாலையின் ஓரத்தில் உருவாகின்றன. ஆயினும் பெட்டியில் ஒன்றாக இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல், சார்ஜர் உள்ளே உண்டா இல்லையா என்பதைப் பெட்டியின்மேல் படக்குறியாகவே காட்டவேண்டும் என்பது சட்டம். எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும் இம்முறை பாராட்டத்தக்கது.

பிரிக்கும்போது

கூடுமானால் கடையிலேயே பிரிக்கவேண்டும். அஞ்சலில் வந்ததாயின், பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை மற்றொரு கைப்பேசியால் படம் பிடித்து வைப்பது பின்னர் சாட்சியாக உதவும். பிறகு பின்வருமாறு பரிசீலிக்கலாம்:

1. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் இருக்கிறதா எனச் சரிபார்த்தல்.

2. கைப்பேசியில் *#06# என்று அழுத்தியதும் தோன்றும் எண்ணும், பெட்டியில் உள்ள எண்ணும், ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றேயா எனப் பார்த்தல். இம்மூன்றும் ஒத்துவராத கைப்பேசியை ஏற்கலாகாது.

3. சார்ஜர் இருந்தால், அதன்மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உள்ளதா எனக் காணல். அது 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும்.

4. திரை, ஒலி, காமிரா, இரண்டு சிம் இடங்கள் ஆகியவற்றைச் சோதித்தல். சிறிது நேரம் சார்ஜ் ஏற்றி, பின்புறம் புடைப்போ மிகுந்த சூடோ இல்லை என உறுதி செய்தல்.

பிரித்த பின்

ரசீது இல்லாத கொள்முதல் கணக்கில் சேராது என்பது சங்கத்தின் பாலபாடம். வீட்டுக்கும் அது பொருந்தும். குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வாணிபமாகும். 'முத்திரை உடைந்துவிட்டதே' என்ற சொல்லுக்கு அஞ்சவேண்டியதில்லை. உடைக்காமல் குறையை அறிவது எங்ஙனம்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

நமது பெட்டி

இப்பாடத்தில் இன்னொரு பாதி உண்டு. நம் சங்கங்களின் சேலைகளும் இன்று பெட்டியில் தொலைதூரம் செல்கின்றன. எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் அதை ஆவலுடன் பிரிக்கிறார். அவர் கையில் நம் சங்கமே தணிக்கைக்கு நிற்கிறது. ஆடம்பரப் பெட்டிக்குப் பணம் செலவிட்டு விலையை ஏற்றுவது தேவையற்றது. பட்டா பருத்தியா, நீளம் எவ்வளவு, எப்படித் துவைப்பது, நெய்த சங்கத்தின் விலாசம் எது என்பனவற்றைத் தெளிவாக அச்சிட்டு, 2006இல் தோற்றுவிக்கப்பட்ட கைத்தறி முத்திரையையும் சேர்த்தால் போதும்.

குறிப்பாக, ரவிக்கைத் துணி சேர்ந்ததா இல்லையா என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதவேண்டும். சார்ஜர் இல்லாத பெட்டியைக் கண்டு நாம் அடையும் ஏமாற்றத்தை, நம் சேலையைப் பிரிப்பவர் அடையலாகாது. உள்ளே இருப்பதை வெளியே உள்ளபடி சொல்லும் பெட்டியே நல்ல பெட்டி. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் தன் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்து, அங்கத்தினர் முன்னிலையில் பிரித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.