குறைமாதக் குழந்தைக்கு அயோடின் எங்கிருந்து வரும்?



அயோடின் குறைவு என்றதும் நமக்குக் கழுத்துக் கழலைதான் ஞாபகம் வரும். கழலை கண்ணுக்குத் தெரியும். பச்சைக் குழந்தையின் மூளைக்கு வரும் பாதிப்பு உடனே தெரியாது. அதனால்தான் இந்த மாசம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, அயோடினை வைத்துத்தான் ஒரு சுரப்புநீரைத் தயாரிக்கிறது. குழந்தையின் மூளை வளர அது கட்டாயம் வேணும். கருவில் முதல் மூன்று மாசம் அது அம்மாவிடமிருந்துதான் போகணும். அப்புறமும் அம்மாவின் பங்கு உண்டு. எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டால் அந்த வரத்து பாதியில் நின்றுவிடும். குழந்தையின் சுரப்பி முதிர்ந்திருக்காது, சேமிப்பும் கொஞ்சம்தான். நிறைமாதக் குழந்தைக்குக் கிலோ எடைக்கு தினம் 15 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்றால், குறைமாதக் குழந்தைக்கு 30. (ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். இத்தனூண்டுக்குத்தான் இவ்வளவு பாடு!)

அந்த அயோடின் தாய்ப்பாலில் வரணும். பீச்சிப் பாலாடையில் ஊட்டினாலும் அதே பால்தான். அம்மா சாப்பாட்டில் குறைந்தால் பாலிலும் குறையும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தினம் 250 மைக்ரோகிராம் வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இப்ப நம்ம அடுப்படிக்கு வருவோம். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006லேயே தடை வந்தது. ஆனாலும் 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்த வீடுகள் தமிழ்நாட்டில் 100க்கு 62தான். நாட்டிலேயே கடைசி இடம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் நம்மகிட்ட இருந்தும்! சில பேர் கல் உப்பைக் கழுவிக் காயவைக்கிறோம். மேலே தெளித்திருக்கும் அயோடின் அந்தத் தண்ணியோடு போயிடும். ஜாடியை மூடி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்க. அதுக்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம், வழக்கமான அளவே போதும்.

சேலம், நாமக்கல் பக்கம் இன்னொன்று உண்டு: குச்சிக்கிழங்கு. அதில் இயற்கையாக உள்ள சயனைடு, உடம்பில் வேறு பொருளாக மாறி அயோடினைத் தைராய்டுக்குள் போகவிடாமல் தடுக்கும். ஆப்பிரிக்காவின் காங்கோவில், உணவில் அயோடின் குறைந்து, இந்தக் கிழங்கே முக்கியச் சாப்பாடாக இருந்த ஊர்களில் முன்பு கழலையும் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அதிகம் இருந்தார்கள். நாம் பயப்பட வேண்டாம். தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணியைக் கொட்டிவிட்டு அப்பப்போ சாப்பிடலாம். அதையே தினமும் சோறுக்குப் பதிலாக வைக்காதீங்க.

அயோடின் நல்லதுதானே என்று குழந்தையின் தொப்புளில் அயோடின் மருந்தைத் தடவவும் கூடாது. இளந்தோல் வழியாக அளவுக்கு மீறி உள்ளே போனால் தைராய்டு வேலையை நிறுத்திவிடும். தொப்புளைக் காய விட்டாலே போதும்.

மூன்று வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பால் குடிக்காமல் ஒரே தூக்கம் என்றிருந்தால் "சவலை"ன்னு விட்டுவிடாதீங்க. டாக்டரிடம் தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்க. குறைமாதக் குழந்தைக்கு முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கணும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன் உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வாங்க. உப்புப் பரிசோதனை மருந்து கிடைக்குமா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்க. ஒரு சொட்டு விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலமாகும். இல்லாதது வெள்ளையாவே இருக்கும்.