கேட்கப்படாத வினாக்கள்: வகுப்பறையில் சிலப்பதிகார அவலம்

முன்னுரை

நாடகம் கண்முன் நிகழக் காணும் கலை. அவல நாடகமோ, வரப்போகும் கேட்டை அறிந்தும் தடுக்க இயலாமல் காண்போரைத் தவிக்கச் செய்வது. சிலப்பதிகாரத்தை உரையாசிரியர் அடியார்க்குநல்லார் ‘இயலிசை நாடகப் பொருட்டொடர்நிலைச் செய்யுள்’ என்பார். எனினும் நம் வகுப்பறைகளில் இந்நாடகக் காப்பியம் கதைச் சுருக்கமாகவும் தேர்வுக் குறிப்பாகவும் குறுகிவிடுகின்றது. இதனை அவல நாடகமாகவே மாணவர் பயில்வதற்குரிய வழியை இக்கட்டுரையில் காண்போம்.

நம் மண்ணும் நூலும்

புகார், மதுரை, வஞ்சி என்னும் மூன்று காண்டங்களும் முறையே 10, 13, 7 என 30 உறுப்புகளும் உடையது இந்நூல். இதனை 1892ஆம் ஆண்டு உரையுடன் பதிப்பித்து வெளியிட்டவர் உ.வே. சாமிநாதையர். அப்போது அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர். காவிரிக் கரையில் ஒரு வகுப்பறை ஆசிரியரின் உழைப்பால் நமக்குக் கிட்டிய நூலை, அதே கரையில் வகுப்பறைக்குள் உயிர்ப்பிப்பது நம் கடமையன்றோ!

கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கிக் காவிரிக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்தனர். நாடுகாண் காதையில் அவ்வழியெங்கும் வளமான வயல்கள். உழவரின் ஏர்மங்கலமும் முகவைப் பாட்டும் ஒலிக்கின்றன. நாற்றங்காலும் நடவும் களத்துமேடும் அறிந்த தஞ்சை மாணவர்க்கு இப்பகுதி எளிதில் விளங்கும். ஆசிரியர் இங்கே ஒரு வினா எழுப்பலாம்: ‘சாவை நோக்கி நடப்போரின் வழியில் இளங்கோவடிகள் இத்துணை வளத்தை ஏன் காட்டினார்?’ இன்பத்தின் அருகே துன்பத்தை நிறுத்தி அவலத்தை மிகுவிக்கும் நாடக உத்தியை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

அவலத்தை அளக்க மேலைநாட்டு அளவுகோலையே நாட வேண்டுவதில்லை. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்றார். இந்நான்கையும் கரும்பலகையில் எழுதி, உரிய நிகழ்ச்சிகளை மாணவரையே தேடச் செய்யலாம். குலந்தரு பொருளைத் தொலைத்த கோவலனின் நிலை வறுமை. மாளிகையில் வாழ்ந்தவர் கால்நோவக் காடு கடந்தது அசைவு. குற்றமற்றவன் கள்வன் எனப்பட்டது இளிவு. கண்ணகி கணவனை இழந்தது இழவு. இலக்கணமும் இலக்கியமும் ஒரே பாடவேளையில் இணைந்துவிடும்.

ஊழ் மட்டுமே விடையா?

‘கோவலன் ஏன் மாண்டான்?’ என்று வினவினால், ‘ஊழ்வினையால்’ என்று மாணவர் உடனே விடையிறுப்பர். அது நூலே கூறும் விடைதான், பிழையன்று. ஆயினும் அவ்வொரு சொல்லோடு பாடம் முடிந்தால், மாந்தர் செய்தவையும் செய்யத் தவறியவையும் கண்ணுக்குப் படாமல் போகும். ஊழ் எந்த மாந்தரின் எந்தச் செயல்வழி வந்தது என்பதைக் காண்பதே அவல நாடகப் பயிற்சி.

கானல்வரியில் மாதவியின் பாட்டு யாரைக் குறித்தது என்று கோவலன் கேட்கவில்லை, பிரிந்தான். பின்னர் அவள் விடுத்த மடலையும் ஏற்க மறுத்தான். மதுரைப் புறஞ்சேரியில் கோசிகன் தந்த மடலைப் படித்தபோதே அவள் குற்றமற்றவள் என உணர்ந்தான். காலம் கடந்துவிட்டது.

ஊடிய தேவியைத் தணிவிக்க விரைந்த பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை ஆராயவில்லை. சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் என்று நிபந்தனையோடுதான் ஆணையிட்டான்; ஆனால் அது கள்வன் கையா என்று ஆராயும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. கோவலனின் தோற்றம் கண்டு இவன் கள்வனல்லன் என்று ஐயுற்ற காவலரும் பொற்கொல்லனின் பேச்சில் மயங்கினர். கல்லாத ஒருவனின் வாள் முந்திக்கொண்டது.

இவ்விடத்தில் வாசிப்பை நிறுத்துதல் நன்று. மாணவரைப் பாத்திரங்களாகப் பிரித்து, ‘இந்நேரத்தில் நீ அறிந்தது என்ன? அறியாதது என்ன?’ என்று ஒவ்வொருவரையும் கேட்கலாம். கோவலன் தான் கள்வன் எனப்பட்டதை அறியான். அரசன் உண்மைக் கள்வனை அறியான். படிக்கும் நாம் மட்டுமே இரண்டையும் அறிவோம். அந்த அறிவே நம்மைத் தவிக்க வைக்கின்றது. ஆங்கிலப் பாடத்தில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ பயில்வோர் இதனை ஒப்பிடலாம். அங்கே ஒரு கைக்குட்டை, இங்கே ஒரு சிலம்பு. ஈரிடத்தும் சிறுபொருள் சான்றாகி ஓர் உயிரைக் கொண்டது.

வழக்குரை காதையில் நிகழ்வதென்ன? தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்த ஒரு நொடியில் வழக்கு முடிந்தது. அந்த ஒரு நொடியைக் கொலைக்கு முன்னரே செலவிட்டிருந்தால்? இவ்வினாவை மாணவர் தாமே எழுப்பும்போது அவல நாடகம் அவர்க்கு வசமாகிவிடும். தன் பிழையைத் தானே உணர்ந்து உயிர்நீத்த பாண்டியனை அவர்கள் வெறுக்கவும் இயலாது, விடுவிக்கவும் இயலாது. அவலச்சுவை தரும் முதிர்ச்சி இதுவே.

முடிவுரை

இன்று வகுப்பில் அமர்ந்திருப்போர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் வழக்குரைஞராகவும் ஊர்ப் பெரியோராகவும் பிறரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேரும். ஒருவர் சொல்லை மட்டும் கேட்டு முடிவுசெய்ததன் விலையை மதுரை நகரமே செலுத்தியது. ஆதலின் இக்காப்பியத்தைக் கற்பிக்கும்போது விடைகளை மனப்பாடம் செய்விப்பதினும், அதில் கேட்கப்படாது போன வினாக்களைக் கேட்கப் பழக்குவோம். அப்பழக்கம் தேர்வறைக்கு வெளியிலும் அவர்களுக்குத் துணைநிற்கும்.