ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ ஆகுமா?



எங்கள் அப்பத்தா செக்கில் கிலோ கணக்கில்தான் கடலை எண்ணெய் வாங்கும். போன மாதம் செக்கு பூட்டியிருந்ததால் நான் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கி வந்தேன்.

"செக்குல கிலோ 300 ரூபாய். இது 285 ரூபாய்தான். நமக்கு 15 ரூபாய் லாபம் அப்பத்தா" என்று பெருமையாகச் சொன்னேன்.

அப்பத்தா பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தது. "கனம் கொறையுதே தாயி" என்றது.

திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 1 லிட்டர். கீழே சின்ன எழுத்தில் 910 கிராம்!

லிட்டர் என்பது கன அளவு. கிலோ என்பது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். எண்ணெய்க்கு அடர்த்தி குறைவு. அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள்.
910 கிராம் = 285 ரூபாய்
1000 கிராம் = 285 ÷ 910 × 1000 = சுமார் 313 ரூபாய்
லாபம் இல்லை, கிலோவுக்கு 13 ரூபாய் நஷ்டம்!

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், "ஒரு படி அரிசியும் ஒரு படி பருத்திக்கொட்டையும் ஒரே கனமா இருக்குமா?" என்று கேட்டது. படியும் லிட்டர் மாதிரி கன அளவுதான். முன்பு படி, ஆழாக்கு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். 1956-இல் சட்டம் வந்து, 1958 முதல் கொஞ்சம் கொஞ்சமாக நாடு முழுவதும் மெட்ரிக் அளவு வந்தது.

இன்னொரு விஷயம். சூடாக்கினால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம். 60 டிகிரியில் சுமார் 893 கிராம்தான். சில பாக்கெட்டுகளில் 60 டிகிரி வரை வெப்பநிலை போட்டு லிட்டர் அளவை எழுதினார்கள். அதனால் 2022-இல் மத்திய அரசு, வெப்பநிலை போடாமல் லிட்டரோடு எடையையும் அச்சிடச் சொன்னது.

நண்பர்களே, பாக்கெட் வாங்கும்போது நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், வருடம், தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றைப் பாருங்கள். குறை இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் எண்ணெய் பாக்கெட்டை எடுத்து எத்தனை கிராம் என்று வாசியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நான் இப்போது அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பாக்கெட்டைப் பிரிக்கிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மயிலாடும்பாறை