நோய்க்கு நண்டின் பெயர்

கேள்வி: ஆங்கிலத்தில் கடக ராசியும் கேன்சர், கடக ரேகையின் பெயரிலும் கேன்சர், புற்றுநோயும் கேன்சர். மூன்றுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இப்படித்தானா?

பதில்: கேன்சர் என்பது நண்டைக் குறிக்கும் லத்தீன் சொல். நண்டு உருவில் கண்ட விண்மீன் கூட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பழங்காலத்தில் சூரியன் வடகோடியை எட்டும் நாள் அந்த ராசியில் விழுந்ததால் ரேகைக்கும் அதே பெயர் வந்தது. நம் ஜோதிடத்தில் வரும் கற்கடகமும் நண்டுதான். இவற்றில் சிக்கல் இல்லை. நோய்க்கு அந்தப் பெயர் வந்த கதைதான் நீளமானது.

ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்கள் ஆறாத புண்களையும் சில கட்டிகளையும் 'கார்கினோஸ்' என்கின்றன. கிரேக்கத்தில் அதற்கு நண்டு என்று பொருள். பெயருக்கான காரணத்தைத் தெளிவாகச் சொன்னவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மருத்துவர் கேலன். மார்பில் கட்டி முற்றும்போது சுற்றியுள்ள இரத்த நாளங்கள் புடைத்து இரண்டு பக்கமும் பரவுகின்றன. நண்டின் உடலும் அதன் கால்களும் போலவே அது தெரிகிறது என்றார் அவர். 7ஆம் நூற்றாண்டில் ஈஜினா தீவைச் சேர்ந்த பால் என்ற மருத்துவர் இன்னொரு விளக்கத்தையும் பதிவு செய்தார்: நண்டு கவ்வினால் விடாது, இந்த நோயும் அப்படித்தான். கேட்க இது நன்றாக இருக்கிறது. ஆனாலும் கேலன் சொன்னதையே நான் ஏற்பேன். உடலுக்குள் பார்க்க எந்த வழியும் இல்லாத காலம் அது. தோலுக்கு மேலே தெரிந்த கட்டிகளைத்தான் மருத்துவர்களால் பார்க்க முடிந்தது. அவற்றில் முதலில் நினைவுக்கு வந்தது மார்பகக் கட்டி. பெண்கள் எத்தனை காலம் வலியை வெளியே சொல்லாமல் தாங்கிய பிறகு, நாளங்கள் அப்படிப் புடைத்த நிலையில் அவரிடம் வந்திருப்பார்கள் என்பதை அந்த ஒப்புமையே காட்டிக்கொடுக்கிறது.

கிரேக்கச் சொல்லை லத்தீனில் 'கேன்சர்' என்று மொழிபெயர்த்தவர் கெல்சஸ் எனப் பல நூல்கள் எழுதுகின்றன. அவர் கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர். ஆனால் அவருக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முன்பே ரோமானிய அரசியல்வாதி கேட்டோ, தன் வேளாண்மை நூலில் கேன்சர் புண்ணுக்கு முட்டைக்கோஸை அரைத்துப் பற்றுப்போடச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் மருத்துவ ஏட்டுக்கு வருமுன்பே பண்ணை வீடுகளில் புழங்கியிருக்கிறது.

லத்தீனிலிருந்து கிளைத்தவை ஏராளம். ஆங்கிலத்தில் கேன்சர், வாய்ப்புண்ணையும் மரப்பட்டை நோயையும் குறிக்கும் கேங்கர், பால்வினை நோயின் முதல் புண்ணான ஷாங்கர் மூன்றுக்கும் வேர் ஒன்றே. டச்சு மொழியில் 'கான்கர்'. நெதர்லாந்தில் அது மிகக் கடுமையான வசைச்சொல்லும்கூட. வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர் காதில் அது எப்படி விழும் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

வடக்கிலும் கிழக்கிலும் போனால் கதை இன்னும் சுவையாகிறது. ஜெர்மானியர் இந்நோயைக் 'கிரெப்ஸ்' என்கிறார்கள். ரஷ்யர்களும் போலந்துக்காரர்களும் 'ராக்' என்கிறார்கள். இரண்டும் உயிரினத்தின் பெயர்கள்தான், ஆனால் முதன்மையாகக் குறிப்பது நம் வயல் நண்டு போன்ற ஒன்றை அல்ல. நீண்ட உடலும் வாலும் முன்னால் இரண்டு கொடுக்கும் கொண்ட, பார்வைக்குப் பெரிய இறால் போன்ற ஆற்று உயிரி அது. கேலன் பார்த்த வட்ட உடல் அதற்குக் கிடையாது. நோயைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் இந்த உயிரி யாருக்கும் தோன்றியிருக்காது. லத்தீன் ஏட்டைப் படித்தவர்கள், தங்கள் ஆற்றில் கிடைத்த நெருங்கிய உயிரியின் பெயரை அங்கே வைத்துவிட்டார்கள். ஹங்கேரியில் 'ராக்', லிதுவேனியாவில் 'வேஜிஸ்', எஸ்தோனியாவில் 'வாஹ்க்' எல்லாம் இதே வகை. அயல் சொற்களைத் தவிர்த்துத் தன் சொல்லையே ஆக்கிக்கொள்ளும் ஐஸ்லாந்து மொழியிலும் 'கிராப்பாமேய்ன்', அதாவது நண்டு நோய்.

நண்டை ஏற்காத மொழிகளும் உண்டு. எஸ்தோனிய மொழிக்கு நெருங்கிய உறவான ஃபின்னிஷில் இந்நோய் 'சியோபா'. உண்பது என்ற வினையிலிருந்து பிறந்த சொல், உடலைத் தின்னும் நோய் என்ற பொருளில். ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் மலைப்பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியில் 'மின்பிசி'. மின் என்றால் வலி, பிசி என்றால் உயிருள்ளது. உயிருள்ள வலி! ஏட்டின் துணையில்லாமல், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து வைத்த பெயர் போலிருக்கிறது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் உண்மையான பெயராகத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் வங்காளிகள் 'கர்கட் ரோக்' என்று நண்டையே ஏற்றார்கள். மலையாளிகள் ஆயுர்வேதத்தின் 'அர்புதம்' என்ற சொல்லைத் தொடர்கிறார்கள். தமிழில் நாம் புற்றை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அப்படியானால் 'ஆன்காலஜி' என்ற பெயரில் நண்டு எங்கே?

பதில்: இல்லை. 'ஓங்கோஸ்' என்றால் கிரேக்கத்தில் திரட்சி, பருமன். இயல்புக்கு மாறான வீக்கங்கள் பற்றிய தன் நூலுக்கு கேலன் இந்தச் சொல்லையே பயன்படுத்தினார். புற்றுநோய்த் துறையின் பெயர் அதிலிருந்து வந்தது. 1847இல் ருடால்ஃப் விர்ச்சோ பெயர் சூட்டிய 'லுகேமியா'விலும் நண்டு இல்லை; வெள்ளை, இரத்தம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஆனாலும் ஜெர்மன் மக்கள் பேச்சில் அது இரத்தக் 'கிரெப்ஸ்'தான்.

ரஷ்ய மருத்துவர்கள் இங்கே கண்டிப்பானவர்கள். தோல், உள்ளுறுப்புகளின் உட்சுவர் போன்ற மேற்பரப்புத் திசுக்களில் தோன்றும் புற்றை மட்டுமே அவர்கள் 'ராக்' என்பார்கள். எலும்பிலும் தசையிலும் வருவது 'சர்கோமா', இரத்தத்தில் வருவது 'லெய்கோஸ்'. ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் கேன்சர் என்று ஆங்கிலத்தில் படித்த இடத்திலெல்லாம் 'ராக்' என்று எழுதிவிடக் கூடாது.