டிரைவ் இம்பேக்ட்: கவசமும் கவனமும்

சண்டை கேம்களில் அடிப்பது ஒரு வேலை, தடுப்பது இன்னொரு வேலை என்றுதான் எல்லோரும் கற்கத் தொடங்குகிறோம். பின்பக்கம் பிடித்தால் பிளாக், பொத்தானை அழுத்தினால் அடி. இரண்டையும் ஒரே அசைவில் செய்யும் திறன் ஒன்று கைக்கு வந்ததும் இந்தப் பாடம் குழம்பிவிடுகிறது. காப்காம் நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் வரும் டிரைவ் இம்பேக்ட் அப்படிப்பட்ட ஒன்று. ஹெவி பஞ்ச், ஹெவி கிக் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், நம் ஆள் வண்ணம் தெறிக்க முன்னேறி ஓங்கி அடிக்கிறார். அந்த அடி போய்ச் சேர்வதற்குள் எதிராளி அடிக்கும் இரண்டு அடிகளைத் தாங்கிக்கொள்கிறார். மூன்றாவது விழுந்தால்தான் உடைகிறார். ஆன்லைனில் ஆடுபவர்கள் பெரும்பாலும் இதில் இரண்டு கட்டங்களைக் கடக்கிறார்கள். முதலாவது, கண்ட இடத்தில் அழுத்தி ஜெயிக்கும் காலம். அடுத்தது, அழுத்தும்போதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் காலம். இரண்டாம் கட்டத்திலேயே சிக்கி நிற்பவர்கள், இந்தத் திறனின் பலம் அதன் கவசத்தில் இருப்பதாக இன்னும் நம்புகிறார்கள். எதிராளியின் கவனம் அந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது என்பது என் வாதம்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். டிரைவ் இம்பேக்ட் கிளம்பி அடியாக மாற 26 ஃபிரேம் ஆகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் இது ஏறக்குறைய 0.43 நொடி. திரையில் ஒரு மாற்றத்தைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்குச் சராசரியாகக் கால் நொடி போதும். ஆக, காகிதக் கணக்கில் பார்த்தால் இந்த அடி எவர் மீதும் விழக் கூடாது. கண்டதும் எதிராளி தானும் டிரைவ் இம்பேக்டை அழுத்தினால், பிறகு வந்தது முன்னே வந்ததை விழுங்கிவிடும். முதலில் அழுத்தியவர் நிலைகுலைந்து சரிய, அவர் மீது முழு காம்போ இறங்கும். அது மட்டுமா? அருகில் இருந்தால் பிடித்து எறியலாம், கவசம் எறிதலைத் தாங்காது. மேலே குதித்துத் தப்பி, அது வெறும் காற்றை அடிக்கும்போது கீழிறங்கித் தண்டிக்கலாம். மூன்று அடி தொடர்ந்து விழும் அசைவால் கவசத்தை உடைக்கலாம். இத்தனை விடைகள் இருந்தும் அனுபவசாலிகள் மீதே இது விழுகிறது என்றால், காரணம் வேகமும் அல்ல, கவசமும் அல்ல.

இதுபோன்ற இரட்டைத் திறன்கள் எல்லாமே ஏதோ ஓர் ஓட்டையோடுதான் படைக்கப்படுகின்றன. 2008-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இன் ஃபோகஸ் அட்டாக் ஓர் அடியைத் தாங்கும், இரண்டாவதற்கு உடையும். டெக்கன் 7-இன் பவர் கிரஷ் மேலேயும் நடுவிலும் வரும் அடிகளைத் தாங்கும், காலடியில் வருவதற்கும் எறிதலுக்கும் வீழும். 1999-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் III தேர்ட் ஸ்டிரைக்கில் பாரி செய்ய, அதாவது சேதமின்றி அடியைத் தட்டிவிட, வரும் அடியை நோக்கி முன்பக்கம் தட்ட வேண்டும். நேரம் பிசகினால் பிளாக்கும் இல்லாமல் நேரே வாங்க வேண்டியதுதான். 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஈவோ போட்டியில் அதே கேமில் டைகோ உமேஹாரா, ஜஸ்டின் வாங்கின் சுன் லி வீசிய சூப்பர் தாக்குதலின் 15 உதைகளையும் பாரி செய்து ஜெயித்த காட்சியைப் பார்க்காத ரசிகர்கள் குறைவு. டைகோவின் கென் பாத்திரத்துக்கு உயிர் துளிதான் மிஞ்சியிருந்தது. பிளாக் செய்தாலே கசியும் சேதத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். அதைக் கைவேகத்தின் உச்சம் என்று புகழ்கிறார்கள். ஆனால் அந்த முதல் உதைக்கான பாரியை, சூப்பர் கிளம்பும் தறுவாயிலேயே ஊகித்து இட வேண்டியிருந்தது. வாங் அந்த நிலையில் என்ன செய்வார் என்று டைகோ முன்னமே முடிவு கட்டியிருந்ததால்தான் விரல் சரியான நேரத்தில் அங்கே போனது. தாக்குதலும் தற்காப்பும் கலந்த எந்தத் திறனுக்கும் இதுதான் அடிப்படை. எதிராளியின் அடுத்த பொத்தான் மீது நாம் வைக்கும் பந்தயம் அது.

கால் நொடிக் கணக்கு எங்கே தவறுகிறது என்று இப்போது பார்க்கலாம். ஒரே ஒரு சைகைக்காகக் காத்திருந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்துபவருக்குத்தான் அந்தக் கால் நொடி பொருந்தும். எதிர்பார்க்க வேண்டியவை கூடக் கூட, தேர்ந்தெடுக்கும் நேரமும் கூடும் என்பதை உளவியலாளர் ஹிக் 1952-லேயே சோதனையில் காட்டினார். ஆட்டத்தில் நம் எதிரில் இருப்பவர் எத்தனையைக் கவனிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நாம் குதித்தால் கீழிருந்து மேலே அடிக்க வேண்டும். டிரைவ் ரஷ் என்னும் வேகப் பாய்ச்சலில் வந்தால் நிறுத்த வேண்டும். நெருங்கினால் எறிதலை உடைக்க வேண்டும். தூரத்தில் நின்றால் நம் காலடி உதை தவறும் கணத்தைத் தண்டிக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே டிரைவ் இம்பேக்ட் வந்தால்தான் அந்த 0.43 நொடி போதாமல் போகிறது. இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: டிரைவ் இம்பேக்டை அழுத்தும் கணத்தை விட, அதற்கு முந்தைய பத்து நொடி முக்கியம். இரண்டு முறை டிரைவ் ரஷ்ஷில் பாய்ந்து எறிந்தவர், மூன்றாம் முறை எதிராளியின் கண்ணை டிரைவ் ரஷ்ஷின் பச்சை ஒளியில் கட்டிப்போட்டிருப்பார். ஒன்றும் செய்யாமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தவர் திடீரென அழுத்தினால், எதிராளிக்குக் கவனிக்க வேறெதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது பாடம், கவனத்தையே நம்ப வேண்டியிராத நேரங்களைத் தேடுவது. ஹடோகென் போல ஓர் எறிகணையை வீசியவர், அதிலிருந்து மீளும்வரை எதையும் அழுத்த முடியாது. நடுத்தர தூரத்தில் அது கிளம்பும் கணத்தை ஊகித்து அழுத்தினால், கவசம் அந்த ஒற்றை எறிகணையைத் தாங்கும், நம் அடி அவர் மீது விழும். அவர் கண்டுவிட்டாலும் கை கட்டப்பட்டிருக்கிறது. கேன்சல் செய்ய முடியாத, அதாவது பாதியில் வேறு அசைவுக்கு மாற்ற முடியாத, கனமான உதைகளைத் தூரத்திலிருந்து ஆட்டிக்கொண்டே இருப்பவரிடமும் இதே விதி செல்லும். கேன்சல் செய்யக்கூடிய அடிகளையே நம்பி ஆடுபவர் விஷயம் வேறு. அவர் தன் அடியை அப்படியே ஒரு டிரைவ் இம்பேக்டுக்குள் கொண்டுபோய் நம்மை விழுங்கிவிடலாம். எனவே எதிராளி எந்தப் பாத்திரத்தை ஆடுகிறார் என்பதோடு, எந்தப் பொத்தானைப் பழக்கமாக நாடுகிறார் என்பதையும் முதல் ரவுண்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முதல் ரவுண்டைத் தோற்றாலும் இந்தத் தகவல் கிடைத்தால் அது வீண் போகாது.

மூன்றாவது, இடமும் இருப்பும். மேடையின் நடுவில் நம் டிரைவ் இம்பேக்டை எதிராளி பிளாக் செய்துவிட்டால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சுவரோரம் பிளாக் செய்தால்கூட எதிராளி சுவரில் மோதித் துவள்கிறார், நமக்கு காம்போ கிடைக்கிறது. அதாவது நடு மேடையில் பிளாக் என்பது சரியான விடை, மூலையில் அதே பிளாக் தவறான விடை. எதிராளிக்கு ஒரு விடையைக் குறைத்துவிட்டு அழுத்துவது எப்போதும் நல்லது. இருப்பு என்பது டிரைவ் அளவி; இந்தத் திறன்களுக்குச் செலவாகும் அதில் ஆறு பார் இருக்கிறது. டிரைவ் இம்பேக்டுக்கு ஒன்று, ஓவர்டிரைவ் அடிக்கும் டிரைவ் ரிவர்சலுக்கும் தலா இரண்டு, அடியிலிருந்து கேன்சல் செய்யும் டிரைவ் ரஷ்ஷுக்கு மூன்று. ஆறும் தீர்ந்தால் பர்ன்அவுட். அந்த நிலையில் பாரி கிடையாது, திருப்பி டிரைவ் இம்பேக்ட் அடிக்க வழி கிடையாது. மூலையில் டிரைவ் இம்பேக்டை பிளாக் செய்தாலும் தலைசுற்றி நின்றுவிட நேரிடும். கடைசி பாரைப் போட்டு ஒரு டிரைவ் இம்பேக்டை அழுத்துபவர், அது தவறினால் அதே குழியில் தானே போய் விழுகிறார். ஒரு பார்தானே என்று மலிவாக நினைக்க வேண்டாம். அது எத்தனையாவது பார் என்பதே அதன் விலை.

தற்காக்கும் பக்கத்துக்கு இதே வாதத்தைத் திருப்பினால் போதும். எதிராளி நம் கவனத்தைச் சிதறடிக்கப் பார்க்கிறார் என்றால், நாம் எதைக் கவனிக்க மாட்டோம் என்று முடிவு செய்வதே தற்காப்பு. மூலையில் பின்தங்கி, அளவி குறைந்து நிற்கும்போது நம்மை முடிக்கக்கூடியது டிரைவ் இம்பேக்ட். அந்தச் சில நொடிக்கு அதற்கு மட்டும் காத்திருங்கள். எறிதல் ஒன்று விழுந்தால் விழட்டும். அதன் சேதத்தைத் தாங்கலாம், தலைசுற்றி நிற்பதைத் தாங்க முடியாது. எல்லா அபாயத்துக்கும் ஒரே நேரத்தில் விடை வைத்திருக்க முயல்பவர் எதற்கும் நேரத்தில் விடை சொல்வதில்லை. நடு மேடையிலோ இதற்கு நேர்மாறு: அங்கே பிளாக்கே போதும் என்பதால், டிரைவ் இம்பேக்டைக் கவனப் பட்டியலின் கடைசியில் வைத்துவிட்டுக் குதித்தலையும் டிரைவ் ரஷ்ஷையும் பார்க்கலாம்.

ஆன்லைன் ஆட்டத்தில் இதெல்லாம் செல்லாது, தாமதமே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ரோல்பேக் முறையில் நம் கணினி எதிராளியின் அடுத்த அசைவை ஊகித்துக் காட்டி, தவறினால் திருத்துகிறது. இணைப்பு மோசமானால் டிரைவ் இம்பேக்டின் முதல் சில ஃபிரேம்கள் நம் கண்ணுக்கு வராமலேயே போகலாம். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? பார்த்துவிட்டு விடை சொல்லும் நேரம் குறைந்தால், பார்ப்பதற்கு முன்பே எதிர்பார்த்திருப்பதன் மதிப்பு கூடுகிறது. நேரில் அருகமர்ந்து ஆடும்போது சோம்பலான கவனத்தோடு தப்பித்துவிடலாம். ஆன்லைனில் அது முடியாது. தாமதத்தைக் காரணம் காட்டுபவர் என் வாதத்தை மறுக்கவில்லை, அதற்கு இன்னொரு சான்று தருகிறார். இணைப்பு மோசம் என்று தெரிந்தால் மூலைக்குப் போகாமலிருப்பதும், பர்ன்அவுட்டைத் தவிர்ப்பதும் இன்னும் அவசரமாகின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு: கீழ் ரேங்குகளில் சும்மா அழுத்திக்கொண்டே இருந்தாலே ஜெயிக்கிறதே, எதற்கு இவ்வளவு யோசனை? ஜெயிக்கும்தான், எதிராளிக்கு விடை தெரியாத வரை. அப்படி வரும் வெற்றிகள் நம் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, எதிராளியின் அறியாமையைத்தான் சொல்கின்றன. அதோடு, அழுத்திக்கொண்டே இருக்கும் பழக்கம்தான் ஒருவரிடம் படிக்க மிக எளிதான பழக்கம். மேலே போனதும் அதே பழக்கம் ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரு முழு காம்போவை எதிராளிக்கு இலவசமாகத் தருகிறது. இந்த கேமிலும் பாரி இருக்கும்போது டிரைவ் இம்பேக்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரி அடியைத் தாங்கும், ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தால் டிரைவ் கரையும்; அந்த நிலையில் எறியப்பட்டால் தண்டனையும் அதிகம். இரண்டு ஃபிரேமுக்குள் சரியாக விழும் பெர்ஃபெக்ட் பாரியை நம்பித் திட்டம் போடுவது பெரும்பாலோருக்குச் சூதாட்டம். இரண்டு கருவிகளும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இரண்டும் கெடும்.

பயிற்சியையும் இந்த வாதத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். டிரெயினிங் மோடில் பொம்மையை டிரைவ் இம்பேக்ட் மட்டும் அடிக்கவிட்டு, அதற்கு விடை சொல்லிப் பழகுவது தொடக்கத்துக்கு மட்டும்தான் உதவும். அங்கே எதிர்பார்க்க ஒன்றே ஒன்றுதான் இருப்பதால் எல்லோரும் தேர்ச்சி பெற்றுவிடுவார்கள், ஆட்டத்தில் போய் அடிவாங்குவார்கள். பொம்மைக்கு வேறு வேறு அசைவுகளைப் பதிவு செய்யுங்கள்: குதித்தல், டிரைவ் ரஷ், எறிதல், காலடி உதை, டிரைவ் இம்பேக்ட். அவற்றை மாறி மாறி வரவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய விடை சொல்லிப் பழகுங்கள். அது ஓரளவு கைகூடிய பிறகு பொம்மை அடிக்கட்டும் என்று காத்து நிற்காமல் நீங்களும் அடித்தபடியே விடை சொல்லப் பாருங்கள். சொந்தத் தாக்குதலில் மூழ்கியிருக்கும்போதுதான் கவனம் அதிகம் சிதறும். ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேயில் ஒன்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு டிரைவ் இம்பேக்டுக்கும் முன்பு நீங்கள் இருவரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? விழுந்ததா, தவறியதா என்பதை விட இந்தக் கேள்வி அதிகம் கற்றுத் தரும்.

தாக்கவும் தற்காக்கவும் சேர்ந்து உதவும் திறன் எந்த கேமில் இருந்தாலும், அது நம்மைக் காப்பாற்றும் என்று எண்ணி அழுத்துபவருக்கு அது காப்பாகவும் இருக்காது, அடியாகவும் இருக்காது. பயத்தில் அழுத்தும் டிரைவ் இம்பேக்டை நல்ல ஆட்டக்காரர் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடுவார். ஆகவே அடுத்த முறை ஹெவி பொத்தான்கள் மீது விரல் போகும்போது, எதிராளி இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரிந்தால் அழுத்துங்கள். தெரியாவிட்டால் அந்த ஒரு பாரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.