ஒத்தியா, வாடகையா, சீசன் அறையா?

தென்காசியில் வீடு காலி என்று தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி, "ஒத்திக்கா, வாடகைக்கா அண்ணாச்சி?" ஒத்தியைச் சென்னையில் லீஸ் என்கிறார்கள், வேறு சில ஊர்களில் போக்கியம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது அதே தொகையை வட்டியில்லாமல் திருப்பி வாங்கிக்கொள்வது. மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ பணம் தேடும் வீட்டுக்காரருக்கு இது பெரிய உதவி. என் வீட்டை ஒத்திக்கும் விட்டிருக்கிறேன், வாடகைக்கும் விட்டிருக்கிறேன். குற்றாலம் பக்கம் இரண்டு அறைகளைச் சீசனுக்கு விடுகிறேன். ஒத்தியையும் வாடகையையும் ஒரே மாதிரி முத்திரைத்தாளில் ஒரே வாசகத்தில் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். சட்டமும் வரியும் மூன்றையும் வேறுவேறாகத்தான் பார்க்கின்றன.

ஒத்தி என்பது அடமானம். வீட்டை ஈடாக வைத்து, அனுபவிக்கவும் கொடுத்து, கடன் வாங்குகிறோம். 1882-ஆம் வருஷச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானமே இரண்டு சாட்சிகளோடு பதிவாக வேண்டும். நாம் லட்சங்களை வெறும் கையெழுத்தில் முடித்துக்கொள்கிறோம். பதிவுச் செலவு கொஞ்சம் கடிக்கும். ஆனாலும் செய்துவிடுங்கள். வீட்டுக்காரருக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. இப்படி அனுபவத்துக்குக் கொடுத்த அடமானத்தில், இத்தனை வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் சொத்தை மீட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது.

ஒருமுறை ஒத்திக்கு வந்த பெரியவர் மஞ்சப்பையில் பணக்கட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் அடுக்கினார். "பேங்க்ல போட்டுருங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "எம்மேல நம்பிக்கை இல்லையா சார்?" "நம்பிக்கை இருக்கு. நாளைக்கு நீங்க திருப்பிக் கேக்கும்போது உங்க கையில ஆதாரம் இருக்கணும்லா?" என்றதும் பையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். அன்று மதியமே பணம் கணக்கில் ஏறியது. அவரிடம் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கத்தில் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. திருப்பித் தருவதற்கும் அதே விதிதான். வாடகை அட்வான்ஸுக்கும் இதைக் கடைப்பிடிப்பது நல்லது.

வாடகை வாங்கவில்லை, அதனால் வரியும் இல்லை என்று ஒத்திக்கு விட்டவர்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த வீட்டுக்கு நியாயமாக என்ன வாடகை கிடைக்குமோ அதை வைத்துக் கணக்குப் பார்க்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆடிட்டரிடம் 'ஒத்தி' என்ற வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

இங்கே வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வில்லங்கச் சான்றில் பதிவானவைதான் வரும். எழுதி வீட்டில் வைத்த ஒத்தி வராது. குடியிருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே முன்பணம் கொடுக்குமுன் கதவைத் தட்டி, "வாடகையா, ஒத்தியா? எவ்வளவு கொடுத்திருக்கீங்க?" என்று நேரில் கேட்டுவிடுங்கள். பட்டா, தாய்ப்பத்திரம் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

வாடகையில் பலருக்கும் பதினோரு மாத மயக்கம். ஒரு வருஷத்துக்குக் குறைவாக எழுதினால் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டாம் என்பது பழைய கணக்கு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. பதினோரு மாதமும் அதற்குள் அடங்கும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான்.

வாடகைக்கான வரி பயப்படும்படி இல்லை. மாதம் 8,000 என்றால் வருஷத்துக்கு 96,000. அந்த வருஷம் நீங்கள் கட்டிய வீட்டுத் தீர்வை 3,000 என்று வைத்துக்கொண்டால் மீதி 93,000. அதில் 30 சதவீதம், அதாவது 27,900, பராமரிப்புக்கென்று தானாகக் கழியும். வரிக்குரியது 65,100. வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது என்று தனித்தனி ரசீது காட்ட வேண்டியதில்லை, காட்டினாலும் கூடுதலாகக் கழியாது. தீர்வையை மட்டும் பாக்கி போடாதீர்கள். கட்டிய வருஷத்தில்தான் கழிக்க முடியும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் சலுகையும் உண்டு.

சீசன் அறை தினக்கணக்கில் தங்குவது. வாடகைக் குடித்தனம் ஆகாது, குடியிருப்பு வாடகைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்குக் கிடையாது. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். மலேசியா, இலங்கைக் கடவுச்சீட்டோடு யாராவது தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும் (முன்பு இதை 'சி' படிவம் என்பார்கள்).

குற்றாலத்தில் இடம் வாங்கி அறை கட்டலாம் என்று வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஜூலை மாதத்து வசூலைத்தான் காட்டுவார்கள். சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்புறம் ஐயப்ப பக்தர்கள் வருகிற கார்த்திகை, மார்கழி. வெள்ளம் வந்தால் அந்த நாட்களிலும் அருவியில் குளிக்கத் தடை, அறைகள் காலி. விலை பேசுவதற்குமுன் மார்ச் மாதம் ஒரு நடை வந்து, ஐந்தருவி ரோட்டில் எத்தனை அறைகளில் ஆள் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.